ஓட்டர்களுக்குக் கணக்கு எங்கே?

ஓட்டுக் கேட்க வீடு வீடாய் வந்து கும்பிடுகிறவர், ஜெயித்த பின் செய்த காரியத்திற்குக் கணக்குச் சொல்ல ஒரு தரமாவது ஏன் வரக்கூடாது?

சங்கரன்கோவிலில் 2012-ம் வருஷம் மார்ச்சு 18-ந் தேதி உபதேர்தல் நடந்தது. மந்திரிமார்கள் தெருத்தெருவாய் வந்தார்கள். மின்வெட்டால் விசைத்தறிகள் நின்று தவித்த காலம் அது. கூடங்குளம் அணு உலை விஷயத்திலோ, ஜனங்களின் பயம் தீரும் வரை வேலையை நிறுத்த வேண்டுமென்று 2011 செப்டம்பரில் தீர்மானித்திருந்தது அதே மந்திரிசபை. ஓட்டுப் பதிவு முடிந்த மறுநாளே, வேலை நடக்கலாமென்று முடிவு செய்துவிட்டது!

அம்முடிவு சரியா தப்பா என்பது வேறு விஷயம். அதை 17-ந் தேதியே ஓட்டர்களிடம் ஏன் சொல்லவில்லை என்பதே நமது கேள்வி. உள்ளூர் சங்கதி வேறு, தேச சங்கதி வேறு என்பது வெறும் பித்தலாட்டம். மின்சாரம் எங்கிருந்து வருகிறது, அதனால் யாருக்கு என்ன ஆபத்து என்பது சங்கரன்கோவில் தறிக்காரனுக்கும் இடிந்தகரை மீன்பிடிக்காரனுக்கும் ஒருங்கே சம்பந்தப்பட்ட காரியமல்லவா?

குற்றம் மெம்பர் மேல் மாத்திரமல்ல. ஆடித்தபசில் சாமியிடம் வரம் கேட்பது போலவே மெம்பரிடமும் வரம் கேட்டுப் பழகிவிட்டோம். சாமி கணக்குச் சொல்லாது, அதற்கு வாயில்லை. நமது வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் மெம்பருக்கு வாயுண்டே!

ஆகவே தோழர்களே! வருஷத்திற்கொரு தரம் பொதுக்கூட்டம் போட்டு மெம்பரை அழையுங்கள். சட்டசபையில் என்ன கேட்டீர், எதற்குக் கை தூக்கினீர், தொகுதிப் பணம் எங்கே செலவாயிற்று என்று கேளுங்கள். மாலை போடுவதைப் பதிலுக்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.