குழாயடி ரசாயனம்

தாராவிச் சந்துகளில் தண்ணீர் வரும் நேரத்தில் குடங்கள் வரிசை கட்டிவிடும். சில நாள் குளோரின் நெடி மூக்கைத் துளைக்கும். "மருந்தைத் தூக்கலாப் போட்டுட்டாங்க" என்று முணுமுணுப்பு எழும். அந்த மருந்து கிருமிகளைக் கொல்வதோடு நிற்பதில்லை. தண்ணீருக்குள் நுண்ணிய அளவில் குளோரோஃபார்மையும் உண்டாக்குகிறது.

ஒரு காலத்தில் அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியை மயக்கிய அதே திரவம்தான். 1831ல் அமெரிக்காவின் சாமுவேல் கத்ரி விஸ்கியுடன் பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துக் காய்ச்சி வடித்து இதைப் பெற்றார். மாதுங்காவில் ரசாயனம் படிக்கும் மாணவருக்கு இன்று இது பாடப்புத்தகச் சங்கதி. ஆலைகளில் சாராயத்துக்கு வேலையில்லை. மீத்தேன் அல்லது மீத்தைல் குளோரைடுடன் குளோரினைக் கடும் சூட்டில் சேர்க்கிறார்கள். மேட்டூரில் கெம்பிளாஸ்ட் சன்மார் தயாரிக்கும் பொருள்களில் குளோரோஃபார்மும் உண்டு.

எங்கே தயாரித்தாலும் தேவை குளோரினும் கரிமப் பொருளும். ஏரி நீரில் மக்கிய இலைதழைகளின் கரிமப் பொருள் கரைந்திருக்கிறது. அதில் குளோரின் பட்டால் குளோரோஃபார்ம் பிறக்கிறது என்பதை 1974ல் வெளியிட்டவர் ராட்டர்டாம் நகரக் குடிநீரை ஆராய்ந்த யோஹன்னஸ் ரூக். புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் பொருள்களின் பட்டியலில் இது இருக்கிறது.

அதற்காகக் குளோரினை நிறுத்தலாமா? கூடாது. சில மணி நேரமே நீர் ஓடும் குழாயில், ஓட்டம் நின்றதும் அழுத்தம் குறைகிறது. விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடை உள்ளே புகுந்துவிடும். அப்போது காலராவுக்கும் டைஃபாய்டுக்கும் எதிரான கடைசிக் காவல் குளோரின்தான். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 2012ஆம் ஆண்டு வரையறையில் இரண்டுக்கும் ஒரே எண்: குழாயடியில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, குளோரோஃபார்ம் 0.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

இரண்டையும் காப்பாற்ற வழி உண்டு. குளோரின் சேர்க்கும் முன்பே படிகாரம் போட்டுத் தெளியவைத்து, வடிகட்டி, கரிமப் பொருளைக் குறைக்க வேண்டும். சாக்கடையோரக் குழாய்களை மாற்ற வேண்டும். வீட்டிலும் ஒரு வழி இருக்கிறது. குளோரோஃபார்ம் 61 டிகிரியிலேயே ஆவியாகக் கொதிக்கும்; மூடாத பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவிட்டால் பெரும்பகுதி போய்விடும், கிருமியும் சாகும்.

ஆனால் தினமும் குடம் குடமாகக் கொதிக்கவைக்க கேஸ் வேண்டுமே. குழாயை மாற்றும் செலவை மாநகராட்சி தள்ளிப்போட்டால், அது தாராவியின் அடுப்படிக்கு வந்து சேரும்.