தற்குறி என்பவன் யார்?

ஜனவரி வந்தால் நந்தனத்தில் புத்தகக் காட்சி. மேடைக்கு மேடை ஒரே ஒப்பாரி: 'தமிழன் வாசிப்பதில்லை.' வாசிக்காதவனுக்குப் புத்தகப் பிரியர்கள் வைத்திருக்கிற பெயர் இரண்டு. ஒன்று கைநாட்டு, இன்னொன்று தற்குறி. அரசியல் சண்டையிலும் இப்போ இதுதான் வசை. நம்ம தோழர்கள் வாயிலும் சரளமா வருது, அதுதான் வலிக்குது.

தற்குறி என்றால் எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதிலாகப் போடும் கீறல். சாந்தோமில் குப்பத்து மீன்காரம்மாவும் சேரிக் கூலிக்காரரும் வங்கிக் கவுன்ட்டரில் பெருவிரலை மையில் அழுத்தி வைத்தால், சட்டப்படி அது கையெழுத்தாகவே செல்லும். சட்டம் ஒப்புக்கொண்ட குறியை வசையாக்கியது யார்?

1961 கணக்கெடுப்பில் இந்தியத் தலித்துகளில் எழுத்தறிந்தவர்கள் 10.27 சதம். மீதித் தொண்ணூறு பேரும் சோம்பேறிகளா? பள்ளிக்கூட வாசலில் அவர்களை நிறுத்தி வைத்தது சாதி. வாசிக்காதவனைக் கேள்வி கேட்கிறவர்கள், வாசிக்கவிடாதவனை என்றைக்காவது கேட்டிருக்கிறார்களா?

இன்னொரு கூட்டம், 'அவங்க வாழ்க்கையே புத்தகம்' என்று உருகுகிறது. இதுவும் ஏமாற்றுதான். உருகிவிட்டு, புத்தகத்தைத் தன் அலமாரியில் பூட்டிக்கொள்கிறது.

சாந்தோமிலிருந்து ஆற்றைக் கடந்தால் அடையாறு. 1886இல் அங்கே நூலகம் அமைத்த ஆல்காட், 1894இல் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளியும் திறந்தார். பள்ளி இல்லையென்றால் நூலகம் யாருக்கு?

புத்தகங்களுக்காகவே ராஜகிருஹம் கட்டிக்கொண்ட அம்பேத்கரைவிடப் பெரிய வாசகர் நம்மில் யார்? அவர் 1920இல் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'மூக்நாயக்', ஊமைகளின் தலைவன். 1927இல் மகத் குளத்துக்கு அவரோடு நடந்தவர்களில் எத்தனை பேருக்கு எழுத்து தெரியும்? யாரையும் அவர் தேர்வு வைத்துச் சேர்க்கவில்லை.

தோழர்களே, வாசிப்பு வட்டத்தில் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். எழுத்து தெரியாதவர் கேட்கட்டும், மறுத்துப் பேசட்டும். அந்த மறுப்பையும் எழுதி வைப்போம். விரும்புகிறவருக்கு அதே இடத்தில் எழுத்தும் சொல்லித் தருவோம். தற்குறி என்ற வசையை நம் கூட்டங்களில் இன்றோடு நிறுத்துவோம்.

இந்த இதழை முடித்ததும் உங்க தெருவில் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்க. அவர் திருப்பிக் கேட்கிற கேள்வியை எங்களுக்கு எழுதி அனுப்புங்க.