கூவத்தில் கிருமி கொட்டினால் போதுமா?

சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களுக்குக் கூவத்தை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கைக்குட்டை தானாகவே மூக்குக்குப் போய்விடும்!

"நல்ல கிருமிகளை டின் டின்னாக ஆற்றில் ஊற்றுங்கள், தண்ணீர் பன்னீராகிவிடும்" என்று கடை விரிக்கிற வியாபாரிகள் உண்டு. கிருமி நல்ல வேலைக்காரன்தான். சந்தேகமே இல்லை. ஆனால், அதை ஊற்ற வேண்டிய இடம் ஆறா?

சாக்கடையில் வரும் மலமும் சிறுநீரும் அழுகும்போது அம்மோனியா உண்டாகிறது. அதில் இருப்பது நைட்ரஜன். மீனுக்கு அது நஞ்சு. ஆகாயத்தாமரைக்கு மூட்டை மூட்டையாக உரம்.

இதை ஒழிக்க இரண்டு கோஷ்டிக் கிருமிகள் வேண்டும். நைட்ரோசோமோனாஸும் அதன் கூட்டாளிக் கிருமிகளும் சேர்ந்தது முதல் கோஷ்டி. இவை அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். ஆனால் சும்மா மாற்றாது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு நாலரை கிராம் ஆக்சிஜன் கேட்கும்! இரண்டாவது கோஷ்டி நேர் எதிர். காற்று இல்லாத இடத்தில்தான் நைட்ரேட்டைப் பிடித்து, வெறும் நைட்ரஜன் வாயுவாக்கி ஆகாயத்துக்கு அனுப்பும். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. மனிதன் சுவாசிக்கும் காற்றில் 100-க்கு 78 பங்கு அதுதானே!

சாக்கடை கலந்த கூவத்துத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏது? முதல் கோஷ்டி மூச்சுத் திணறிப் படுத்துக்கொள்ளும். அது நைட்ரேட் தயாரித்தால்தானே அடுத்த கோஷ்டிக்கு வேலை? சமையல்காரன் வராத வீட்டில் இலை போட்டு உட்கார்ந்த கதைதான். புதுச் சாக்கடை வேறு நிற்காமல் வந்து விழுகிறது. டின்னில் வாங்கிய கிருமி கடலுக்குப் போய்ச் சேரும், பணத்தோடு.

கிருமி உழைக்க வேண்டிய இடம் சுத்திகரிப்பு நிலையம். அங்கே ஒரு தொட்டியில் காற்றை ஊதலாம், இன்னொன்றில் நிறுத்தலாம். இரண்டு கோஷ்டிக்கும் வேலை நடக்கும். லண்டன் தேம்ஸ் ஆற்றை 1957-ல் "செத்த ஆறு" என்றே எழுதி வைத்தார்கள். அவர்கள் கிருமி டின் வாங்கவில்லை. பெக்டன், கிராஸ்னஸ் கழிவுநீர் நிலையங்களைப் பெரிதாக்கினார்கள். 1974-ல் அங்கே சால்மன் மீன் கிடைத்தது!

காற்று ஊதக் கரண்டு செலவாகும். நிஜமான தகராறு அங்கேதான். சுத்திகரித்த நீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரஜன் கூடாது என்று 2015-ல் மத்திய அரசின் வரைவு விதியில் இருந்தது. 2017-ல் இறுதி விதி வந்தபோது அந்த வரியையே காணோம்! 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, பெருநகரங்களுக்கு அதே 10 மில்லிகிராம் அளவைச் சொன்னது.

ரேஷன் கடை வாசலில் அரிசி, சர்க்கரை இருப்பை எழுதிப் போடுகிறார்கள். கோயம்பேடு, நெசப்பாக்கம், கொடுங்கையூர், பெருங்குடி நிலையங்களின் வாசலிலும் ஒரு பலகை மாட்டி, இன்று வெளியே விட்ட தண்ணீரில் நைட்ரஜன் எவ்வளவு என்று தினமும் எழுதிப் போடட்டுமே!