சுண்ணாம்பும் அளவும்

வெற்றிலை தரிப்போர் யாவரும் சுண்ணாம்பின் அளவை அறிவர். குறைந்தால் சிவப்பேறாது, மிகுந்தால் நா வெந்துபோம். தம் நாவிற்கு இத்துணைக் கவலை கொள்ளும் மக்கள், மலைத்தோட்டத்து மண்ணிற்கு மட்டும் கூடைக்கணக்கிற் சுண்ணாம்பை வாரியிறைப்பது ஏனோ? மண்ணைச் சோதியாது சுண்ணாம்பிடுதல் தவறென்பதும், அச்சோதனையில் நம் கல்லூரி மாணவர்க்கும் பங்குண்டென்பதும் ஈண்டு யாம் கூற விழைவன.

1820-களிற் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பார் சேர்வராயன் மலையிற் காப்பிப் பயிரைத் தொடங்கிவைத்தார். இம்மலைமண் இயல்பிலேயே புளிப்புடையது. மழைநீர் மண்ணிலுள்ள கால்ஸியத்தையும் மக்னீஷியத்தையும் கரைத்துக்கொண்டு செல்கின்றது. யுகயுகமாய் நிகழ்ந்த இக்கரைப்பின் எச்சமே மலையுச்சியிற் காணும் பாக்ஸைட் என்னும் அலுமினியத் தாது. போதாக்குறைக்கு, அம்மோனியம் ஸல்பேட் முதலிய உரங்களும் புளிப்பை வளர்க்கின்றன. காப்பிக்கு உகந்த பி.எச். எண் 6.0 முதல் 6.5 வரையாகும். அது 5.5-க்குக் கீழே இறங்க இறங்க, அலுமினியம் கரைந்து வேர் நுனிகளைக் கெடுக்கும். மணிச்சத்து மண்ணிலேயே கட்டுண்டு கிடக்கும். ஆகவே சுண்ணாம்பு வேண்டுவதே, அதில் ஐயமில்லை.

எவ்வளவு வேண்டும் என்பதே வினா. பி.எச். எண் ஒன்றே இதற்கு விடை கூறாது. எண் 5.0 காட்டும் மணற்பாங்கான நிலமும், அதே எண் காட்டும் மக்கு மிகுந்த களிநிலமும் ஒரே அளவைக் கேளா. பின்னதே மிகுதியாய்க் கேட்கும். சுண்ணாம்பிலும் வகையுண்டு. 100 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் போக்கும் புளிப்பை 74 கிலோ நீற்றிய சுண்ணாம்போ, 56 கிலோ நீற்றாத சுட்ட சுண்ணாம்போ போக்கிவிடும். கூடையை மட்டும் எண்ணுவார்க்கு இவ்வேற்றுமை புலப்படுமோ? ஜிப்ஸமோவெனில், கால்ஸியத்தைத் தருமேயன்றிப் புளிப்பைப் போக்காது. கால்ஸியம் வேறு, புளிப்பை மாற்றும் காரத்தன்மை வேறு.

இவ்வுண்மையை நன்குணர்ந்தோர், வீட்டுக் கண்ணாடித் தொட்டியிற் கடல்நீர் நிரப்பிப் பவளப்பூச்சிகளை வளர்ப்போர். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 400 மில்லிகிராம் கால்ஸியம் உண்டு. பவளப்பூச்சி அதனையும் நீரின் காரத்தன்மையையும் ஒருங்கே செலவிட்டுத் தன் கற்கூட்டைக் கட்டுகின்றது. ஆதலின் அவர்கள் இரண்டையும் தனித்தனியே அளந்து, குறைந்ததைச் சிறிது சிறிதாய் ஊட்டுவர். இரண்டும் மிகுந்துவிடின், கூடிச் சுண்ணாம்பாய்ப் படிந்து பயனற்றுப்போம். ஒரு தொட்டி நீருக்கு உள்ள மதிப்பு ஒரு குடும்பத்தின் நிலத்திற்கு இல்லையா?

'பாட்டன் காலமுதல் இப்படியே இட்டுவருகின்றோம்' என்பார் உளர். கண்ணளவு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு நம் மலையடிவாரமே சான்று. சேலத்தருகேயுள்ள வெண்குன்றுகளை ஆங்கிலேயர் 'சாக் ஹில்ஸ்', அஃதாவது சுண்ணக் குன்றுகள், என்றனர். ஆங்குள்ளதோ மக்னீஷியம் கார்பனேட்டாகிய மாக்னஸைட் என்னும் வெள்ளைக்கல். மிகுதியாய்ச் சுண்ணாம்பிட்ட நிலத்தில் இரும்பு, துத்தநாகம் முதலியன பயிருக்கு எட்டாமற் போம், இளந்தளிர் வெளிறும். அதனை உரக்குறைவென்று எண்ணி மேலும் பணத்தைக் கொட்டுதல் அவலமே. அம்மோனியா உரத்தோடு சுண்ணாம்பைச் சேர்த்திடினோ, தழைச்சத்து காற்றோடு கலந்துபோம்.

பெருந்தோட்டத்தார் தம் மண்ணைச் சோதிப்பிக்க வல்லவர். மலையாளிகள் எனப்படும் மலைக்குடியினர் முதலிய சிறு விவசாயிகட்கு ஒரு மூட்டைச் சுண்ணாம்பின் விலையும் பெரிது. அரசாங்கம் 2015-ஆம் ஆண்டில் மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. எனினும் அட்டையைக் கையிற் கொடுத்தாற் போதாது. மண்ணைச் செவ்வனே எடுத்துத் தருவாரும், எண்ணின் பொருளை எளிய தமிழில் விளக்குவாரும் வேண்டும்.

இதனை நம் இரசாயன மாணவர் செய்யலாகாதா? விடுமுறையிற் சிலர் கூடி மலையேறி, ஒவ்வொரு தோட்டத்திலும் பல இடங்களில் 9 அங்குல ஆழம் வரை மண்ணெடுத்துக் கலந்து, நிழலிலுலர்த்திக் கொணர்ந்தால், பி.எச். எண்ணையும் சுண்ணாம்புத் தேவையையும் நம் சோதனைச் சாலையிலேயே கண்டுவிடலாம். முடிவை அவ்விவசாயியின் வாயிலில் நின்று, அவர் வாங்கும் சுண்ணாம்பின் வகைக்கேற்ப, இத்தனை கிலோ என்று சொல்லவேண்டும். தேர்வுக்காக மட்டும் அமிலமும் காரமும் அளந்து நீரோட்டிவிடும் கல்வி யாருக்குப் பயன்? வரும் விடுமுறையிற் பத்துத் தோட்டங்களேனும் அளந்து தொடங்குவோமாக.