'நன்றாக வரைவார்' என்னும் வசை

மேரியன் மஹோனியைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு வரியில் பாராட்டிவிடுகிறார்கள்: அவருடைய தலைமுறையின் ஆகச்சிறந்த கட்டட ஓவியர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு அந்தப் பாராட்டின் மீதுதான் கோபம். ஒரு பெண்ணின் பெயரை முற்றாக அழித்தால் என்றைக்காவது எவளாவது தேடிக்கொண்டு வந்துவிடுவாள். 'கைவண்ணம் உள்ளவர்' என்று ஓரமாக ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டால் தேட வேண்டிய தேவையே எழாது. சமையலில் 'கைமணம்' என்கிறோமே, அதே கணக்கு. கை அவளுடையது, மணமும் அவளுடையது. மூளை மட்டும் வேறு யாருடையதோ.

மஹோனி 1871இல் சிகாகோவில் பிறந்தவர். 1894இல் எம்.ஐ.டி.யில் கட்டடக்கலைப் பட்டம் பெற்றார். அங்கே அந்தப் பட்டம் வாங்கிய இரண்டாவது பெண் அவர். முதலாமவர் சோஃபியா ஹேடன். (1893 சிகாகோ உலகக் கண்காட்சியின் பெண்கள் கட்டடத்தை வடிவமைத்தவர், அவரை இந்தத் துறை நடத்திய விதத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.) அமெரிக்காவில் முதன்முதலாகக் கட்டடக்கலைஞர்களுக்கு உரிமம் கட்டாயம் என்று 1897இல் சட்டம் போட்ட மாநிலம் இல்லினாய். அடுத்த ஆண்டே மஹோனி தேர்வெழுதி உரிமம் பெற்றுவிட்டார். அதாவது, நாம் பேசிக்கொண்டிருப்பது அலுவலக மூலையில் உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றியல்ல. படித்து, தேர்வெழுதி, சட்டப்படி உரிமம் வாங்கிய கட்டடக்கலைஞரைப் பற்றி.

1895இல் அவரை வேலைக்கு எடுத்தவர் ஃபிராங்க் லாயிட் ரைட். ரைட்டின் முதல் பணியாளர் மஹோனிதான். இடைவெளிகளோடு 1909 வரை அந்தத் தொடர்பு நீடித்தது. ரைட்டின் கலைக்கூடத்தில் ஜன்னல் கண்ணாடிக்கு, சுவர் ஓவியத்துக்கு, மரச்சாமானுக்கு என்று பணியாளர்களுக்குள் சின்னச் சின்னப் போட்டிகள் வைப்பாராம். பெரும்பாலும் ஜெயித்தவர் மஹோனி என்று உடன் வேலை பார்த்த பாரி பைர்ன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஜெயித்த படங்களை ரைட் பிறகு பயன்படுத்துவதற்காக எடுத்து வைத்துக்கொள்வார். யாராவது அவற்றை 'மிஸ் மஹோனியின் வடிவமைப்பு' என்று சொல்லிவிட்டால் அவருக்குப் பிடிக்காது, கண்டிப்பார். இதைச் சொன்னவர் பெண்ணியவாதி அல்ல. பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்த ஓர் ஆண்.

இப்போது அந்த ஓவியங்களுக்கு வருவோம். 1910இல் பெர்லினில் வாஸ்முத் என்ற பதிப்பகம் ரைட்டின் வேலைகளை 100 தகடுகள் கொண்ட பெரிய தொகுப்பாக வெளியிட்டது. ரைட்டை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியது அந்தத் தொகுப்புதான். குரோப்பியஸ், மீஸ் வான் டெர் ரோஹெ தலைமுறை அதைப் புரட்டித்தான் ரைட்டைப் படித்தது. அதிலுள்ள படங்களில் ஏறத்தாழப் பாதி மஹோனியின் கையிலிருந்து வந்தவை என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். ஐரோப்பாவின் இளம் கட்டடக்கலைஞர்கள் ரைட்டின் வீடுகளை நேரில் பார்க்கவில்லை, காகிதத்தில் பார்த்தார்கள். அந்தக் காகிதத்தில் பாதி யாருடையது?

'அதெல்லாம் சரி, வடிவமைத்தவர் ரைட், இவர் வரைந்து கொடுத்தார், அவ்வளவுதானே' என்பார்கள். கட்டடக்கலை படிக்கும் தோழிக்குத் தெரியும், இது எவ்வளவு சோம்பேறித்தனமான பிரிவினை என்று. தரைப்படம் அறைகள் எங்கே என்று சொல்லும். பார்ப்பவர் எங்கே நிற்கிறார், அவர் கண்ணுக்கு முதலில் எது படுகிறது, எது மறைகிறது, வீடு நிலத்தை அழுத்துகிறதா அதோடு சேர்ந்து கிடக்கிறதா என்பதெல்லாம் தோற்றப்படத்தில்தான் முடிவாகிறது. ராசீன் நகரத்து ஹார்டி வீட்டின் படத்தைப் பாருங்கள். ஏரிக்கரைச் சரிவின் கீழே நம்மை நிற்கவைத்து, ஒடுக்கமான நெடுங்காகிதத்தின் உச்சியில் வீட்டை வைத்திருக்கிறார். கீழே பெரும்பகுதி வெற்றிடம். பல படங்களில் மரங்கள் வீட்டுக்கு அலங்காரமாக நிற்பதில்லை. இலைகள் சட்டகத்தையே விழுங்கி, கூரையின் கிடைக்கோட்டோடு பின்னிக்கொள்கின்றன. வீடு மண்ணிலிருந்து முளைக்க வேண்டும் என்பது ரைட்டின் புகழ்பெற்ற கொள்கை. அந்தக் கொள்கையை உலகம் முதலில் கண்ணால் கண்டது மஹோனியின் இலைகளுக்கு நடுவேதான்.

ரைட்டுக்கு இது தெரியாமல் இல்லை. சௌத் பெண்டு நகரத்து டிரோட்ஸ் வீட்டின் படத்தில் அவரே கைப்பட ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: வரைந்தது மஹோனி, பின்பற்றியது ரைட்டையும் ஹிரோஷிகேயையும். ஒப்புதலிலும் எத்தனை கவனம்! ஜப்பானிய மரக்கட்டை அச்சோவிய மேதையின் பக்கத்தில் தனக்கு ஓரிடம், மஹோனிக்குப் பின்பற்றியவர் என்ற இடம்.

1909இல் ரைட் குடும்பத்தையும் அலுவலகத்தையும் விட்டுவிட்டுக் காதலியோடு ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். பாதியில் நின்ற வேலைகளை ஹெர்மன் வான் ஹோல்ஸ்ட் என்பவர் எடுத்துக்கொண்டார். வடிவமைப்பு முழுக்கத் தன் பொறுப்பில் இருக்கும் என்றால் மட்டும் வருகிறேன் என்று நிபந்தனை போட்டு மஹோனி அங்கே சேர்ந்தார். டெக்கேட்டரில் இரண்டு முல்லர் வீடுகள், கிராண்ட் ரேப்பிட்ஸில் ஆம்பெர்க் வீடு. ஆள் மாறியது, பலகை மாறியது. பலகையில் அவர் பெயர் மட்டும் ஏறவில்லை.

1911இல் வால்ட்டர் பர்லி கிரிஃபினை மணந்தார். கிரிஃபினும் ரைட்டிடம் வேலை பார்த்தவர்தான், மஹோனியைவிட ஐந்து வயது இளையவர். அந்த ஆண்டு ஆஸ்திரேலியா தன் புதிய தலைநகருக்கு உலகப் போட்டி அறிவித்தது. கணவரைத் திட்டித் திட்டித்தான் வேலையைத் தொடங்கவைத்தேன் என்று மஹோனி எழுதியிருக்கிறார். சிகாகோ குளிரில் கடைசி ரயிலைப் பிடித்துப் படங்களை அனுப்பிய கதையையும் சொல்கிறார். இருவருமே அதுவரை அந்த நிலத்தை மிதித்ததில்லை. கையிலிருந்தவை, போட்டியாளர்களுக்கு அனுப்பப்பட்ட சமஉயரக்கோட்டு வரைபடமும் நிலக்காட்சி ஓவியங்களின் நகல்களும். அவற்றை வைத்துக்கொண்டு, எய்ன்ஸ்லி மலை உச்சியிலிருந்து பார்த்தால் இன்னும் கட்டப்படாத ஒரு நகரம் எப்படித் தெரியும் என்று மஹோனி வரைந்தார். துணியில், மங்கிய பொன்னிறத்தில், நீரும் மலையும் ஒரே அச்சில் வந்து நிற்கும் காட்சி. 1912 மே மாதம் முடிவு வந்தது. 137 விண்ணப்பங்களில் முதல் பரிசு வால்ட்டர் பர்லி கிரிஃபினுக்கு.

கான்பெராவின் நடுவே உள்ள ஏரிக்கு 1964இல் பர்லி கிரிஃபின் என்று பெயர் வைத்தார்கள். எய்ன்ஸ்லி மலையின் பார்வைமேடைக்கு மேரியன் மஹோனி கிரிஃபின் பெயர் வந்தது 2013இல். அவருக்கு ஏரி, இவருக்கு ஏரியை நின்று பார்க்கும் இடம். அதற்கும் 49 ஆண்டுகள் தாமதம்.

இங்கே ஒரு வாதம் தவறாமல் வரும், அது வலுவான வாதமும்கூட. மஹோனியே கேட்கவில்லையே? உண்மைதான். 1937இல் கிரிஃபின் லக்னோவில் இறந்தார். பல்கலைக்கழக நூலகத்தை வடிவமைக்க இந்தியா வந்தவர் அவர். மஹோனியும் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்து அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சிகாகோ திரும்பிய மஹோனி 1,400 பக்கங்களுக்கும் மேல் தட்டச்சு செய்து ஒரு நூல் எழுதினார், 'அமெரிக்காவின் மாயம்' என்று. அதில் தன் பங்கைச் சொல்ல வேண்டிய இடங்களிலெல்லாம் கணவரின் மேதைமையைச் சொல்கிறார். ரைட்டைப் பெரும்பாலும் பெயர் சொல்லாமலே வெளுத்து வாங்குகிற அதே பேனா, கிரிஃபின் என்று வந்ததும் கைகூப்பி நிற்கிறது. படிக்கும்போது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆனால் அவர் கேட்காததை வைத்து நாம் ஏன் தீர்ப்பு எழுத வேண்டும்? மேதை என்ற நாற்காலி ஒன்றே ஒன்றுதான், அதில் ஒருவர்தான் உட்கார முடியும் என்று ஆக்கி வைத்த துறையில், தன் வாழ்நாள் வேலையைக் காப்பாற்ற ஒரு விதவைக்கு இருந்த வழி, இறந்தவரை அந்த நாற்காலியில் ஏற்றுவதுதான். கிரிஃபின் காப்பாற்றப்பட்டால் கான்பெரா காப்பாற்றப்படும். கான்பெராவில் தானும் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அந்த நூலின் நான்கு பகுதிகளுக்கும் அவர் வைத்த தலைப்புகளைக் கவனியுங்கள்: பேரரசுப் போர், கூட்டாட்சிப் போர், நகராட்சிப் போர், தனிமனிதப் போர். நிழலில் திருப்தியாக உட்கார்ந்திருந்த மனைவி இப்படித் தலைப்பு வைப்பாளா? உயிரோடு இருந்தவரை எந்தப் பதிப்பகமும் அதை அச்சிடவில்லை. 1961இல் இறந்தார். அஸ்தி சிகாகோவின் கிரேஸ்லேண்ட் இடுகாட்டில் பெயர்ப் பலகையில்லாமல் கிடந்தது, 1997 வரை.

ரைட்டை இறக்கிவிட்டு மஹோனியை 'உண்மையான மேதை' என்று ஏற்றிவைக்கும் எழுத்துகளும் இப்போது வருகின்றன. எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. ஒரு கட்டடத்தின் பின்னால் பத்துப் பேர் இருப்பார்கள். ஆனால் ஒன்றைக் கவனித்து வருகிறேன்: ஆணின் பெயர் தனியாக நிற்கும்வரை யாருக்கும் கூட்டுழைப்பு நினைவுக்கு வருவதில்லை. ஒரு பெண்ணின் பெயரைச் சேர்க்கச் சொன்னால் உடனே 'கட்டடக்கலை என்பதே கூட்டு முயற்சிதானே, பெயரில் என்ன இருக்கிறது' என்று தத்துவம் பேச ஆரம்பிக்கிறார்கள். 1991இல் பிரிட்ஸ்கர் பரிசு ராபர்ட் வெஞ்சுரிக்குத் தனியாகக் கொடுக்கப்பட்டது. அவருடைய மனைவியும் கூட்டாளியுமான டெனிஸ் ஸ்காட் பிரவுனையும் சேர்க்கச் சொல்லி 2013இல் ஹார்வர்ட் மாணவிகள் இருவர் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். முந்தைய நடுவர்களின் முடிவில் தலையிட முடியாது என்று பதில் வந்தது.

நம் அலுவலகங்களில் வரைபடத்தின் வலது கீழ்மூலையில் ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் 'வரைந்தவர்' கட்டத்தில் பெண்களின் முதலெழுத்துகள்தான் நிறைய இருக்கும். மாடிப்படியை எந்தப் பக்கம் திருப்பினால் வெளிச்சம் வரும் என்று இரவு எட்டு மணிவரை யோசித்தவளும் அந்தக் கட்டத்துக்குள்தான் போவாள், ஏனென்றால் யோசித்தவருக்கென்று கட்டம் கிடையாது. தோழி, உன் கல்லூரித் தொகுப்பிலும் வேலை விண்ணப்பத்திலும் 'வரைபட உதவி' என்று எழுதாதே. எந்தச் சுவரை நகர்த்தினாய், எந்த ஜன்னலை நீ வைத்தாய் என்று எழுது. யாராவது ஆட்சேபித்தால் அந்தச் சுவரை அவர் எப்போது, எந்தத் தாளில் நகர்த்தினார் என்று காட்டச் சொல்.