தணிக்கை தந்த கொடையா?

ஹொலிவூட்டின் காதல் நகைச்சுவைப் படங்களைப் பற்றி எழுதுவோருட் பலர், தணிக்கையை நன்றியுடன் நினைவுகூர்வதை ஒரு மரபாகவே கொண்டுள்ளனர். வெளிப்படையாகக் காட்ட இயலாதவற்றைக் குறிப்பாற் கூற நேர்ந்தமையாலேயே அப்படங்களின் உரையாடல் கூர்மை பெற்றது என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு இனிய வாதந்தான். ஆயின், ஆண்டுகளை நிரைப்படுத்தி நோக்கின் அது நிலைபெறாது.

1930இல் ஏற்கப்பட்ட ஒழுக்கக் கோவை நான்கு ஆண்டுகள் பெரிதும் ஏட்டளவிலேயே இருந்தது. கத்தோலிக்கரின் புறக்கணிப்புக்கு அஞ்சிய படநிறுவனங்கள், 1934 யூலை தொடக்கம் யோசப் பிறீனின் முத்திரை பெறாத படங்களைத் திரையிடுவதில்லை என்றும், மீறின் 25,000 டொலர் தண்டம் என்றும் விதித்துக்கொண்டன. அரசு பூட்டிய விலங்கன்று அது. வணிகர் தம் முதலைக் காக்கத் தாமே பூட்டிக்கொண்டது.

குறிப்புமொழியின் பேராசானாகிய ஏர்ண்ஸ்ட் லுபிற்ஷ் 'ட்ரபிள் இன் பரடைஸ்' படத்தை ஆக்கியதோ 1932இல். கட்டிலின்மீது படியும் இருவரின் நிழலைக்கொண்டே அவர் அனைத்தையும் உணர்த்தினார். பிறீனின் அலுவலகம் அன்று பிறந்திருக்கவேயில்லை. பிறந்தபின் அது செய்த கைம்மாறு, 1935இல் அப்படத்தின் மறுவெளியீட்டைத் தடுத்தமையே. கயிற்றிற் போர்வையைத் தொங்கவிட்டு ஆணையும் பெண்ணையும் பிரித்த பிராங் கப்ராவின் 'இற் ஹப்பென்ட் வன் நைற்' படமும் 1934 பெப்ரவரியிலேயே வெளிவந்துவிட்டது. தணிக்கையின் பிள்ளைகளெனக் காட்டப்படுவன அதற்கு மூத்தவை!

பின்னர் வந்தவற்றுள் நல்லவை இல்லையா எனலாம். உள்ளன. லியோ மக்கேரியின் 'தி ஓஃபுள் ற்றூத்' (1937) படத்திலே, நள்ளிரவில் மணமுறிவு நிறைவுறவிருக்கும் இருவர் அடுத்தடுத்த அறைகளில் உறங்காதிருக்க, இடைக்கதவு தானே திறந்து திறந்து நகைக்கின்றது. ஆயின், அச்சிறப்பு படப்பிடிப்புத் தளத்திலேயே காட்சிகளைப் புனைந்த மக்கேரிக்கும், ஐறீன் டண், கேரி கிறாண்ட் ஆகியோருக்கும் உரியது. சிறைச்சுவரிற் கவி எழுதியவனைப் போற்றலாம். சிறைக்காவலனுக்குப் பொன்னாடை எதற்கு? லுபிற்ஷின் 'டிசைன் ஃபோர் லிவிங்' (1933) படத்திற் பெண்ணொருத்தி ஆடவர் இருவரையும் தேர்ந்து, தண்டனை எதுவுமின்றிச் செல்கின்றாள். 1934இன் பின் அத்தகையாளுக்குத் திரையில் இடமிருக்கவில்லை.

தணிக்கையைப் போற்றுவோர் தொடாத விதி ஒன்றும் அக்கோவையிலே இருந்தது. வெள்ளையர்க்கும் கறுப்பினத்தவர்க்கும் இடையிலான பாலுறவை அது முற்றாக விலக்கியது. தடையே நுண்மையைப் பிறப்பிக்குமெனின், இத்தடையினின்று எத்தனை நயமான நகைச்சுவைகள் தோன்றியிருத்தல் வேண்டும்! கறுப்பினக் கலைஞர் அப்படங்களிற் பெரும்பாலும் பணிப்பெண்களாகவும் புகையிரதச் சிப்பந்திகளாகவுமே வந்துபோயினர். இத்தகைய காதலைப் பொருளாகக் கொண்டு நகைச்சுவை கலந்து ஸ்ரான்லி கிறாமர் எடுத்த 'கெஸ் ஹூஸ் கமிங் ரு டினர்' வெளிவந்தது 1967இல். கோவை கைவிடப்படுவதற்கு அப்போது ஓராண்டே எஞ்சியிருந்தது.