கூலியைச் சொல்ல வேண்டியவர் யார்?

“எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள்?” கணினித் தொழில் தேடிப் பதுளையிலிருந்து கொழும்புக்குச் செல்லும் நம் பெண்களிடம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர் கூலியை அறிந்தவர். விடை கூற வேண்டியவளோ அறியாதவள். இது நீதியா?

ஊவாத் தோட்டங்களிலே அன்று பெண்ணின் கூலியைச் சட்டமே குறைத்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டத்தின் கீழ், 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நாட்கூலி வகுக்கப்பட்டபோது ஆணுக்கு 54 சதம். பெண்ணுக்கு 43 சதம். கொழுந்துக் கூடை சுமந்தவளுக்கே குறைந்த கூலி! அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்த அவ்வநீதி 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே வீழ்ந்தது.

இன்று பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. கொழுந்து பறித்த தாயின் மகள் அங்கே கணினித் துறையில் பட்டம் பெறலாம். ஆனால், சட்டத்தினின்று அகன்ற வேறுபாடு அவளது விடையிலே மீண்டும் புகக்கூடும்.

அமெரிக்காவில் வேலை தேடிய பொறியியலாளரைப் பற்றி நீனா ரூசில் என்னும் பொருளியலறிஞர் செய்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. ஒத்த தகுதியுடையோருள் பெண்கள் கேட்ட சம்பளம் ஆண்கள் கேட்டதினும் 2.9 வீதம் குறைவு. 2018இல், விடை எழுதும் இடத்திலேயே அவ்வேலைக்குரிய நடுத்தரச் சம்பளம் காட்டப்பட்டதும் அவ்வேறுபாடு மறைந்தது. பெண்ணுக்குத் துணிவில்லை என்று பழிப்போர் இதனைச் சிந்திக்கட்டும்.

கெப்பெட்டிப்பொலைச் சந்தைக்கு உருளைக்கிழங்கு ஏற்றிச் செல்லும் உழவர் இதனை நன்கறிவர். அன்றைய விலை தெரியாதவன் மூட்டையை இழந்தே திரும்புவான்.

அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் வேறுபாட்டைத் தடுக்கின்றது. ஆயினும் அடிப்படை உரிமை வழக்கு அரசின் செயலுக்கு எதிராகவே செல்லும். தனியார் கம்பனியின் வாசலை அது தாண்டாது. சம ஊதியம் பற்றிய 1951ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1993இல் ஏற்றது. ஏற்றதை நிறைவேற்ற வழி உண்டு. சம்பள அளவை நேர்முகத்துக்கு முன்னரே கூறுக, முன்னைய சம்பளத்தைக் கேளாதொழிக என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விதித்தது. அத்தகைய சட்டத்தையே நாமும் கோருகின்றோம்.

சட்டம் வரும்வரை நாம் வாளாவிருத்தல் தகாது. தொழில் பார்க்கும் இளைஞர்காள்! உங்கள் சம்பளத்தைத் தங்கையரிடம் மறையாது கூறுங்கள். தாய்மார் போராடிப் பெற்ற சமத்துவத்தை மகள்மார் அறியாமையால் இழக்க விடோம்!